இரண்டு ஆயக்காரர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் அடுத்தடுத்த இரண்டு அதிகாரங்களில் இரண்டு ஆயக்காரர் வருகின்றனர். 18ஆம் அதிகாரத்தில் வருபவனுக்குப் பெயரில்லை. இயேசுநாதர் கூறிய ஓர் உவமையின் பாத்திரம் அவன். 19ஆம் அதிகாரத்தில் வருபவனுக்குப் பெயர் உண்டு, அவன் சகேயு. முதலாமவனைப் பற்றி நான் கேட்டிருக்கும் பிரசங்கங்களுக்குக் கணக்கில்லை. இரண்டாமவனைப் பற்றியும் கேட்டிருக்கிறேன். ஆனால் அவன் குள்ளமானவன் என்பதிலும், காட்டத்தி மரத்தில் ஏறினான் என்பதிலுமே பாதி நேரம் போய்விடும். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு மரம் ஏறும் கதை பிடிக்கும். பெரியவர்களுக்கும் அதுவே போதும் என்றாகிவிட்டது போலும். மரத்திலிருந்து இறங்கிய பின் அவன் என்ன சொன்னான் என்பதை நாம் அவசரமாகக் கடந்து விடுகிறோம். கிறிஸ்தவ வாழ்வில் தாழ்மை, மனந்திரும்புதல் என்று ஓயாமல் பேசும் நாம் இழந்துவிட்ட பொருள் அந்த இடத்தில்தான் கிடக்கிறது என்பது என் எண்ணம்.

நம் கல்லூரியில் எல்லாச் சமயத்தவரும் பயில்கிறோம். ஆதலின் ஒரு சிறு விளக்கம். ஆயக்காரர் என்போர் ரோமாபுரி ஆட்சிக்காகச் சுங்கமும் வரியும் வசூலித்தவர்கள். அந்நியனுக்கு வசூலிப்பது ஒரு குற்றம். விதித்ததற்கு மேல் வாங்கித் தம் மடியில் போட்டுக்கொண்டது மற்றொரு குற்றம். யூத மக்கள் அவர்களை வெறுத்ததில் வியப்பில்லை. இயேசு கூறிய உவமையில் ஒரு பரிசேயனும் ஓர் ஆயக்காரனும் ஜெபம் செய்யத் தேவாலயத்துக்குப் போகிறார்கள். பரிசேயன் தன் உபவாசத்தையும் தசமபாகத்தையும் கடவுளுக்குக் கணக்கு ஒப்பிக்கிறான். ஆயக்காரனோ தூரத்தில் நின்று, வானத்தை ஏறிட்டுப் பார்க்கவும் துணியாமல், மார்பில் அடித்துக்கொண்டு இரக்கம் கேட்கிறான். அவனே நீதிமானாக வீடு திரும்பினான் என்று இயேசு முடிக்கிறார்.

அழகான உவமை. தற்பெருமைக்கு இதைவிடக் கூரிய மருந்து உலக இலக்கியத்தில் அதிகம் இல்லை. வள்ளுவப் பெருந்தகை அடக்கமுடைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்த நாட்டில், இந்த ஆயக்காரனைப் புரிந்துகொள்ளாதவர் யாரும் இருக்க முடியாது. ஆனால் உவமை ஒரு கேள்வியை விட்டுவைக்கிறது. அவன் வீட்டுக்குப் போனான்; சரி. மறுநாள் பொழுது விடிந்ததும் சுங்கச்சாவடிக்குப் போனானா? போனால் எவ்வளவு வாங்கினான்? நேற்றுவரை கூடுதலாகப் பிடுங்கிய காசை என்ன செய்தான்? உவமை அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் அதற்கில்லை; தம்மையே நீதிமான்கள் என்று நம்பி மற்றவர்களை அற்பமாக எண்ணினவர்களுக்காகச் சொல்லப்பட்டது அது. குறை உவமையிலன்று, அதோடு நின்றுவிட்ட நம்மிடத்தில்தான்.

அடுத்த அதிகாரத்துக்கு வருவோம். எரிகோ செழிப்பான ஊர். பேரீச்சையும் நறுமணத் தைலமும் அதன் செல்வம். யோர்தானைக் கடந்து வரும் வணிகமும் அவ்வழியாகத்தான் செல்லும். அங்கே ஆயக்காரருக்குத் தலைவனாயிருந்தான் சகேயு. இயேசு அவனை மரத்திலிருந்து இறங்கச் சொல்லி, அவன் வீட்டில் தங்க வேண்டும் என்கிறார். ஊரார் முணுமுணுக்கிறார்கள். அப்போது சகேயு மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. அழுதான் என்றும் எழுதப்படவில்லை. அவன் எழுந்து நின்று, தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொல்கிறான்.

இந்த நான்கு மடங்கு என்ற எண்ணைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மோசேயின் சட்டப்படி, தான் செய்த குற்றத்தை ஒருவன் தானே அறிக்கையிட்டால், வாங்கியதோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுத்தால் போதும். எண்ணாகமம் 5ஆம் அதிகாரத்தில் இது இருக்கிறது. அதாவது, 100 ரூபாய் பிடுங்கியவன் 120 ரூபாய் கொடுத்தால் கணக்கு தீர்ந்தது. நான்கு மடங்கு என்பது ஆட்டைத் திருடி, அதைக் கொன்றோ விற்றோ விட்டவனுக்கு யாத்திராகமம் விதிக்கும் தண்டனை. 120 கொடுத்துத் தப்பியிருக்கக்கூடிய சகேயு, 400 கொடுக்கிறேன் என்கிறான். யாரும் பிடிக்காத திருடன் தனக்குத்தானே திருடனின் தண்டனையை விதித்துக் கொள்கிறான். ஊரார் நடுவே, தன் வாயாலே, தன்னைத் திருடன் வரிசையில் கொண்டுபோய் நிறுத்துகிறான் அல்லவா? இதற்குமேல் ஒரு தாழ்மை உண்டா?

அதே நான்கு மடங்கு வேதாகமத்தில் இன்னோர் இடத்திலும் வருகிறது. தாவீது அரசன் உரியா என்னும் போர்வீரனின் மனைவியைக் கவர்ந்து, உரியாவைப் போர்முனையில் நிறுத்திச் சாகடித்தபின், நாத்தான் தீர்க்கதரிசி வந்து ஒரு கதை சொல்கிறார்: பல ஆடுகள் உடைய செல்வன் ஒருவன், ஏழை ஒருவன் மடியில் வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்து விருந்தாளிக்குச் சமைத்துவிட்டான் என்று. தாவீது சினந்து, அந்தக் குட்டிக்கு நான்கு மடங்கு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளிக்கிறான். அந்த மனிதன் நீயே என்கிறார் நாத்தான். பிறகு தாவீதின் கண்ணீரிலிருந்து பிறந்ததாகச் சொல்லப்படும் 51ஆம் சங்கீதம் இன்றும் லெந்து நாட்களில் எல்லா ஆலயங்களிலும் ஓதப்படுகிறது. நானும் அதை மனப்பாடமாக அறிவேன். ஆனால் அதை ஓதும்போதெல்லாம் ஒரு நெருடல். அச்சங்கீதம் பாவம் முழுவதையும் கடவுள் ஒருவருக்கு எதிரானதாகவே அறிக்கையிடுகிறது. உரியாவின் பெயர் அதில் இல்லை. எல்லாப் பாவமும் முடிவில் கடவுளுக்கு எதிரானதுதான் என்று பெரியவர்கள் விளக்கம் தருவார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் உரியா செத்துப்போனான். அவனிடம் போய்ச் சொல்ல வழியில்லை. உயிரோடிருப்பவர்களுக்கு எதிராகத் தவறு செய்தவர்களும், உரியா செத்துவிட்டதைப் போலவே நடந்துகொண்டு, நேரே கடவுளிடம் போய்விடுகிறார்களே, அதுதான் எனக்கு விளங்கவில்லை.

இயேசு பெருமானின் மலைப்பிரசங்கம் இதற்கு நேர் எதிரான வழியைக் காட்டுகிறது. காணிக்கை செலுத்தப் பீடத்தண்டை வந்தவன், தன் மேல் சகோதரனுக்கு மனத்தாங்கல் உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாக வேண்டும். திரும்பி வந்து செலுத்தலாம். கடவுள் காத்திருப்பார் என்பது அதன் பொருள்.

இது ஏதோ இன்றைய மாணவனின் புதுமைக் கருத்து என்று எவரும் நினைக்க வேண்டாம். தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவாவதற்கு முன் நம் பக்கத்து ஆங்கிலிக்கன் சபைகளுக்கெல்லாம் முன்மாதிரியாய் விளங்கியது 1662ஆம் ஆண்டின் ஆங்கில ஜெபப்புத்தகம். அதில் திருவிருந்து ஆராதனைக்கு முன்னுள்ள விதியொன்று கூறுவது இது: அயலானுக்கு வெளிப்படையாகத் தீங்கிழைத்த ஒருவன் வெளிப்படையாக மனந்திரும்பி, தீங்கடைந்தவர்களுக்கு ஈடு செய்கிறவரை, அல்லது வசதிப்பட்டவுடன் ஈடு செய்வதாக உறுதி கூறுகிறவரை, திருவிருந்துக்கு வரலாகாது என்று குருவானவர் அவனுக்கு அறிவிக்க வேண்டும். விதி இருந்தது. 'வசதிப்பட்டவுடன்' என்ற சலுகையும் கூடவே இருந்தது. அந்த வசதி பலருக்கு ஆயுளில் வந்து சேர்வதில்லை என்பது வேறு கதை! இந்த விதியின் பேரில் திருவிருந்துப் பந்தியிலிருந்து ஒருவர் எழுப்பப்பட்டதாக என் வாழ்நாளில் நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் பக்கத்தில் அப்பமும் ரசமும் மறுக்கப்படுவதெல்லாம் சந்தா பாக்கிக்காகத்தான்.

நம் ஊர்களில் மனந்திரும்புதல் எப்படி நடக்கிறது என்பதைப் பார்ப்போம். கன்வென்ஷன் கூட்டங்களுக்குப் போனவர்களுக்குத் தெரியும். பந்தலும் ஒலிபெருக்கியும் ஆயத்தம். சாட்சி கூறும் நேரத்தில் ஒருவர் மேடையேறுவார். இரட்சிக்கப்படுவதற்கு முன் தாம் எப்படிக் குடித்தார், மனைவியை எப்படி அடித்தார், அவள் தாலிச் சங்கிலியை எங்கே அடகு வைத்தார் என்று விரிவாகச் சொல்வார். குரல் தழுதழுக்கும், கண்ணீர் வரும். கூட்டம் அல்லேலூயா முழங்கும். அந்தக் கண்ணீர் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். பெரும்பாலும் உண்மையான கண்ணீர்தான். ஆனால் அடித்தவர் மேடையில் இருக்கிறார். அடிபட்டவர் பெண்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருக்கிறார். தம் முதுகில் விழுந்த அடிகளின் வரலாற்றை ஒலிபெருக்கியில் ஊரோடு சேர்ந்து தாமும் கேட்கிறார். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. சங்கிலி மீட்கப்பட்டதா என்றும் கேட்பதில்லை. பழைய பாவம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய சாட்சி. அவ்வளவு பெரிய கைதட்டல். பரிசேயன் தன் புண்ணியத்தைக் கணக்குச் சொன்னான். இவர் தம் பாவத்தைக் கணக்குச் சொல்கிறார். ஆக, நடுவில் நிற்பது என்னவோ அதே 'நான்' தான்.

பனிக்கட்டி உருகித் தண்ணீராகிறது. அதை பௌதிக மாற்றம் என்று பள்ளியிலேயே படித்தோம். குளிர்ந்தால் மறுபடியும் பனிக்கட்டிதான். மக்னீசியம் நாடாவைக் கொளுத்தினால் ஒளிவிட்டு எரிந்து வெண்பொடியாகிறது. அந்தப் பொடியை எவ்வளவு குளிரவைத்தாலும் நாடாவாகாது. கண்ணீர் மட்டுமே உள்ள மனந்திரும்புதல் முதல்வகை என்பேன். வேதியியல் மாணவன் வேறு எந்த உதாரணத்தைச் சொல்வான்!

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இதற்கு வழங்கும் சொல் மெட்டனோயா. மனம் மாறுதல் என்று பொருள்படும். பழைய ஏற்பாட்டின் எபிரேயச் சொல்லோ ஷூவ். போன வழியை விட்டுத் திரும்புதல். மனம் ஒன்றில் உண்டு. கால் மற்றொன்றில் உண்டு. தமிழ் வேதாகமத்தின் 'மனந்திரும்புதல்' என்ற சொல் இரண்டையும் ஒரே பையில் போட்டுத் தந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கையில் இவ்வளவு நல்ல சொல்லை வைத்துக்கொண்டு நாம் அதில் பாதியை மட்டும் செலவு செய்கிறோம்.

மனம் ஒருநாளில் மாறியும் கால் திரும்ப எத்தனை காலமாகும் என்பதற்கு வரலாற்றில் ஒரு பெரிய சான்று இருக்கிறது. ஆங்கிலக் கீர்த்தனைகளில் உலகம் முழுவதும் அறிந்த 'அமேசிங் கிரேஸ்' பாடலை இயற்றிய ஜான் நியூட்டனின் வாழ்க்கையே அது. 1725இல் லண்டனில் பிறந்த அவர் இளமையிலேயே கப்பலேறி, ஆப்பிரிக்க அடிமை வணிகத்தில் ஈடுபட்டவர். 1748 மார்ச்சில் அட்லாண்டிக் கடலில் புயலில் கப்பல் மூழ்கும் நிலையில் கடவுளை நோக்கிக் கதறினார். அந்த நாளையே தம் மனமாற்றத்தின் தொடக்கமாகக் கருதி ஆண்டுதோறும் நினைவுகூர்ந்தார். பிரசங்கங்களில் நாம் கேட்கும் கதை இத்துடன் முடியும்: புயல், கதறல், இரட்சிப்பு, பாடல்.

உண்மையில் நடந்தது வேறு. மனந்திரும்பிய பின்னர்தான் நியூட்டன் அடிமைக் கப்பலுக்குத் தலைவரானார். 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்கள். மேல்தளத்தில் ஞாயிறுதோறும் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். கீழ்த்தளத்தில் ஆப்பிரிக்க மக்கள் சங்கிலியில் கிடந்தனர். அவர் வேஷக்காரர் அல்லர், மெய்யாகவே ஜெபித்தார். மேல்தளத்து ஜெபத்துக்கும் கீழ்த்தளத்துச் சங்கிலிக்கும் தொடர்பு உண்டென்று அவருக்கு அப்போது தோன்றவில்லை, அவ்வளவுதான். 1754இல் தொழிலை விட்டதும் மனசாட்சியால் அன்று; திடீரென வந்த நோயால். 1764இல் குருப்பட்டம் பெற்று ஓல்னி என்ற ஊரில் ஊழியம் செய்தார். அந்தப் பாடல் 1773ஆம் ஆண்டின் புத்தாண்டு ஆராதனைக்காக எழுதப்பட்டது. அதில் தம்மைக் கேடுகெட்டவன் என்று தாழ்த்திக்கொள்கிறார். அடிமைகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

1788இல், தமது 62ஆம் வயதில்தான், ஆப்பிரிக்க அடிமை வணிகத்தைப் பற்றிய ஒரு சிறு நூலை வெளியிட்டார். தாம் கண்டதையும் செய்ததையும் எழுதினார். இந்த ஒப்புதல் மிகப் பிந்தி வருகிறது என்றும் தாமே எழுதினார். நாடாளுமன்ற விசாரணையிலும் சாட்சி சொன்னார். அடிமை வணிகத்தை எதிர்த்துப் போராடிய வில்பர்போர்ஸுக்கு ஆலோசகராயிருந்தார். 1807 மார்ச்சில் பிரிட்டன் அவ்வணிகத்தைச் சட்டத்தால் ஒழித்தது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார். புயலுக்கும் புத்தகத்துக்கும் இடையே 40 ஆண்டுகள்! கடவுளிடம் ஓர் இரவில் போய்ச் சேர்ந்தவருக்கு, கீழ்த்தளத்துக்கு இறங்கிவர 40 ஆண்டுகள் ஆயின. நியூட்டனை இகழ்வதற்காக இதை எழுதவில்லை. அவராவது வந்து சேர்ந்தார். அவருடைய சாட்சிகளில் புயல் கதையைவிட 1788ஆம் ஆண்டுப் புத்தகமே பெரியது என்று கருதுகிறேன். அது அவருக்குக் கைதட்டல் வாங்கித்தரும் சாட்சியன்று. அவமானம் தரும் சாட்சி.

இவ்வளவு காலம் ஏன் ஆகிறது? கடவுள் முன் நிற்பது எளிது, மனிதன் முன் நிற்பது கடினம் என்பதே என் விடை. கடவுளிடம் மன்னிப்புக் கேட்கும்போது பதில் நமக்கு முன்னமே தெரியும். அவர் இரக்கமுள்ளவர், மன்னிப்பார், வேதம் முழுவதும் அந்த உறுதி இருக்கிறது. ஆனால் நாம் அடித்த மனைவி, ஏமாற்றிய தம்பி, கூலி குறைத்த வேலையாள், இவர்கள் முன் போய் நின்றால் என்ன பதில் வரும் என்று தெரியாது. மன்னிக்கமாட்டேன் என்றும் சொல்லலாம், கதவைச் சாத்தலாம், காசை எண்ணி வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசாமல் போகலாம். அதற்கெல்லாம் அவர்களுக்கு உரிமை உண்டு. பதில் தெரியாத இடத்தில் போய் நிற்பதைத்தான் தாழ்மை என்று சொல்லவேண்டும். சில சபைகளில் மூப்பர்கள் கணவனையும் மனைவியையும் எதிரெதிரே நிறுத்தி, 'மன்னித்துவிட்டேன் என்று சொல்லம்மா' என்று அவளை நெருக்குவதைப் பார்க்கிறோம். அதிலே தாழ்த்தப்படுவது யார்?

இங்கே ஒரு மறுப்பு வரும் என்பதை அறிவேன். எங்கள் விடுதியிலேயே வந்தது. "இரட்சிப்பு கிருபையினால் கிடைப்பது, கிரியையினால் அன்று, நீ சொல்வது திரும்பவும் கிரியைக்கு அல்லவா இழுத்துச் செல்கிறது?" என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. மார்ட்டின் லூத்தர் போராடியதும் இதற்காகத்தான். ஆனால் 1517இல் அவர் வெளியிட்ட 95 கொள்கைகளில் முதலாவதே மனந்திரும்புதலைப் பற்றியது; விசுவாசியின் வாழ்வு முழுவதும் மனந்திரும்புதலாயிருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. காசு கொடுத்துப் பாவமன்னிப்புச் சீட்டு வாங்கிவிட்டு நிம்மதியாகப் போகிற எளிய வழியைத்தான் அவர் சாடினார். இன்று காசுக்குப் பதில் கண்ணீர் கொடுத்து அதே சீட்டை வாங்குகிறோம். சகேயு கதையிலும் வரிசையைக் கவனியுங்கள். அவன் திருப்பிக் கொடுத்த பிறகு இயேசு அவன் வீட்டுக்குப் போகவில்லை. அவன் ஒன்றும் கொடுக்குமுன்னே, மரத்தில் இருக்கும்போதே, வீட்டுக்கு வருகிறேன் என்றுவிட்டார். கிருபை முந்திக்கொண்டது. நான்கு மடங்கு அந்தக் கிருபைக்குக் கொடுத்த விலையன்று. கிருபை வீட்டுக்குள் வந்துவிட்டது என்பதற்கு ஊரார் காணக்கூடிய அடையாளம்.

இனி, தாழ்மையைப் பற்றி நான் நெடுநாளாகச் சொல்ல நினைத்த ஒன்று. தமிழில் தாழ்மை என்றும் ஒரு சொல் உண்டு. தாழ்த்தப்படுதல் என்றும் ஒரு சொல் உண்டு. வேர் ஒன்றுதான், பொருளோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். தாழ்மை ஒருவன் தானாகச் செய்வது. தாழ்த்தப்படுதல் ஒருவனுக்குப் பிறர் செய்வது. நம் பிரசங்க மேடைகளில் இவ்விரண்டும் கலந்து போய்விட்டன.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் தந்தையார் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, தோளில் கிடக்கும் துண்டைக் கையில் எடுத்துக்கொள்வார். எதிரே நாற்காலி காலியாக இருந்தாலும் உட்காரமாட்டார். என் வயதே உள்ள எழுத்தரை 'ஐயா' என்பார். இதைத் தாழ்மை என்று நான் சொல்லமாட்டேன். தலைமுறை தலைமுறையாக முதுகில் ஏற்றி வைக்கப்பட்ட பழக்கம் இது. ஞாயிற்றுக்கிழமை அவர் ஆலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கர்த்தருடைய பலத்த கைக்குள் அடங்கித் தாழ்மையாயிருங்கள் என்ற பிரசங்கத்தைக் கேட்கிறார். முன் வரிசையில் இருப்பவர்கள் அது பின் வரிசைக்கு என்று நினைக்கிறார்கள். பின் வரிசையில் இருப்பவர்கள் அதைத் தங்களுக்கென்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

இயேசு அப்படிப் பிரசங்கித்தாரா? 18 ஆண்டுகளாய் நிமிரக்கூடாத கூனியாயிருந்த ஒரு பெண்ணை ஜெப ஆலயத்தில் அவர் கண்டார் என்று அதே லூக்கா 13ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். அவளைக் கூப்பிட்டார், கைகளை வைத்தார், அவள் நிமிர்ந்தாள். அது ஓய்வுநாளாயிற்றே என்று ஜெப ஆலயத் தலைவன் சீறியபோதும் அவர் பின்வாங்கவில்லை. குனிந்தவளை நிமிர்த்தினார், உயரத்தில் இருந்த சகேயுவை இறங்கச் சொன்னார். சீஷரின் கால்களைக் கழுவியபோதும், தாம் போதகரும் ஆண்டவரும் என்பதை மறக்காமலே குனிந்தார். இறங்குவதற்கு உயரம் உள்ளவனுக்குத்தான் தாழ்மை கட்டளை. மற்றவனுக்கு நற்செய்தி 'எழுந்திரு' என்பது.

இதை மறந்தபோது சபை என்னவாகிறது என்பதற்கு நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் என்ற ஊர் சாட்சி. அங்கே 19ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கர் கட்டிய ஆலயத்துக்குப் பீடம் ஒன்று, அதை நோக்கிய கூடங்களோ இரண்டு, இடையே சுவர். உயர்ந்த சாதியார் என்று எண்ணிக்கொண்டவர்கள் ஒரு கூடத்திலும், மற்றவர்கள் மறு கூடத்திலும் முழங்காலில் நின்றனர். கால்சட்டை போன்ற கோயில் என்று அது பெயர் பெற்றது. இருபுறத்தாரும் ஒரே கடவுள் முன் தங்களைத் தாழ்த்தினார்கள். ஆனால் சுவர் மட்டும் தாழவில்லை. 1910இல் திருச்சபை அதிகாரிகள் சுவரை இடித்தபோது, சுவர் வேண்டும் என்று கேட்டவர்கள் வழக்குத் தொடர்ந்து சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றார்கள்; வெற்றி கிடைக்கவில்லை. ஆண்டுதோறும் சாம்பலை நெற்றியில் பூசிக்கொண்டவர்கள்தான் சுவருக்காக வழக்காடினார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இது பழைய கதை என்று ஆறுதல் கொள்ள வழியில்லை. கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபையார் என்ற வேறுபாடின்றி, இன்றும் நம் நாட்டில் சில ஊர்களில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்கள் சாதிவாரியாகத்தான் இருக்கின்றன.

சபை முழுவதும் மனந்திரும்ப முடியுமா? முடியும் என்பதற்கு அரைகுறையாகவேனும் சில அடையாளங்கள் தெரிகின்றன. கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு உறைவிடப் பள்ளிகளில் வைக்கப்பட்டனர். அப்பள்ளிகளில் பெரும்பாலானவற்றைத் திருச்சபைகளே நடத்தின. 2022 ஜூலை 25 அன்று போப் பிரான்சிஸ், நடக்க முடியாமல் சக்கர நாற்காலியில், அத்தகைய பள்ளி ஒன்று இருந்த மாஸ்குவாசிஸ் என்னும் இடத்துக்கே போய் அந்த மக்கள் முன் மன்னிப்புக் கேட்டார். தனிமனிதர்களின் குற்றத்தை ஒப்புக்கொண்டார், திருச்சபை என்ற அமைப்பின் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லையே என்று பூர்வகுடித் தலைவர்கள் சிலர் குறை கூறினர். குறை நியாயமானதே. ஆனாலும் ரோமாபுரியில் இருந்துகொண்டே ஓர் அறிக்கை விட்டிருக்கலாம். அவர் அப்படிச் செய்யாமல் அந்த நிலத்துக்குப் போனார். பதில் என்ன வருமென்று தெரியாத இடத்துக்குப் போனார்.

அவ்வளவு தூரம் நாம் போகவேண்டியதில்லை. என் ஆசை மிகச் சிறியது. கன்வென்ஷனில் சாட்சி சொல்ல முன்வருபவரிடம், மேடையேறுமுன் போதகர் ஐயா தனியாக இரண்டே கேள்விகள் கேட்கட்டும். இதை முதலில் யாரிடம் போய்ச் சொன்னீர்கள்? திருப்பிக் கொடுக்க வேண்டியது ஏதேனும் பாக்கி உண்டா? பாயில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளிடமும், அவர் கதையை ஒலிபெருக்கியில் சொல்ல அவருக்குச் சம்மதமா என்று ஒரு வார்த்தை கேட்கட்டும்.

இதைச் சொன்னபோது விடுதி நண்பர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்படியானால் சாட்சி சொல்ல ஓர் ஆளும் அகப்படமாட்டான், மேடை காலியாகத்தான் கிடக்கும்" என்றார். ஓர் ஆண்டு காலியாகவே இருக்கட்டுமே. அந்த நேரத்தில் யாராவது ஒருவர் லூக்கா 19ஆம் அதிகாரத்தை, சகேயு மரத்திலிருந்து இறங்கிய இடத்தில் தொடங்கி, நிதானமாக வாசிக்கலாம். மொத்தம் ஐந்து வசனங்கள்தான்.